மோதி பாக்கில் நின்ற விண்கப்பல்

டெல்லிக்குப் போக பாஸ்போர்ட் கேட்பதில்லை. கேட்டிருந்தால் நான் வீட்டிலேயே இருந்திருப்பேன், இந்தக் கட்டுரையிலிருந்து நீங்களும் தப்பித்திருப்பீர்கள். சங்ககிரியில் லாரி ஆபீஸ் நடத்தும் குடும்பம் எங்களுடையது. எங்களுக்கு டெல்லி என்பது ஓர் ஊர் அல்ல, ஒரு லோடு. இங்கிருந்து ஜவ்வரிசி போகும், திரும்பும்போது கிடைத்தது வரும். எங்கள் டிரைவர்கள், கிளீனர்கள், என் தம்பி, அவன் மைத்துனன் எல்லோரும் போய்வந்தாயிற்று. வீட்டில் நான் மட்டும்தான் பாக்கி.

என்னைப் போகவைத்தது ஒரு விண்கப்பல். இணைய இதழ் ஒன்றில் நான் ஒரு தொடர்கதை எழுதினேன். அதில் வரும் கப்பலின் பெயர் செவலை. அது அரசாங்கத்துடையது அல்ல, கோடீஸ்வரர் யாருடையதும் அல்ல. நம் ஊர் நேஷனல் பர்மிட் லாரி மாதிரி, ஒரு குடும்பத்தின் சொந்த வண்டி. சனிக் கிரகத்துப் பக்கம் ஐஸ் ஏற்றி செவ்வாயில் கொண்டுவந்து இறக்கும். கப்பலில் நாலு பேர். ஓனரும் கேப்டனுமான பாவாயி, எஞ்சின் பார்க்கும் ரங்கன், சமையல் செய்யும் மேரி, கிளீனர் மயிலு. பின்பக்கத்தில் ‘ஹாரன் அடிக்கவும்’ என்று எழுதியிருக்கும். காற்றே இல்லாத இடத்தில் ஹாரன் எப்படிக் கேட்கும் என்று ஒரு வாசகர் கோபமாகக் கேட்டிருந்தார். லாரிக்காரர்கள் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

பாவாயி என்பது என் அம்மாவின் பெயர். அப்பா போன பிறகு லாரி ஆபீஸை நடத்துவது அவர்தான். எந்த வண்டி எந்தச் செக்போஸ்ட்டில் நிற்கிறது, எந்த டிரைவர் பொய் சொல்கிறான், எந்த டயர் இன்னும் ஒரு நடை தாங்கும் என்பதெல்லாம் தோளில் துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். ஆனால் வண்டிகள் முதலில் அப்பா பெயரில் இருந்தன, பிறகு சித்தப்பா பெயருக்குப் போயின, இப்போது தம்பி பெயரில் இருக்கின்றன. அம்மா பெயரில் ஒரு மொபெட்கூடக் கிடையாது. அவர் கேட்டதும் இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு வண்டியையாவது அவர் பெயரில் எழுதிவைக்க வேண்டும் என்றுதான் அந்தக் கதையையே ஆரம்பித்தேன்.

அம்மா அதைப் படிக்கவில்லை. “எழுதுனா என்ன லோடு வரப்போகுது?” என்றதோடு சரி. கேப்டனுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறேன் என்று நானும் சொல்லவில்லை.

டெல்லித் தமிழர்களின் நாடகக் குழு ஒன்று செவலையை மேடையேற்றுகிறோம், வாருங்கள் என்று அழைத்தபோது, அம்மாவே ஒன்று சொன்னார். “ஞாயித்துக்கெழம லோடு கம்மி. அந்தப் போன்ல படம் தெரியற மாதிரி காமி, பாக்கறன்.” என் எழுத்தில் எதையாவது பார்க்கிறேன் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்காகத்தான் டிசம்பர் குளிரில் டெல்லிக்குப் போனேன். வேறு எதற்காகவும் யாரும் டிசம்பரில் டெல்லிக்குப் போக வேண்டாம்.

வியாழக்கிழமை ரயில் பனிமூட்டத்துக்குள் ஊர்ந்தது. ஊர்ந்தது என்பதுகூட மரியாதைக்காகச் சொல்வது. எதிர் இருக்கையில் இருந்த குடும்பம் பூரியும் மாங்காய் ஊறுகாயும் கொடுத்தார்கள். “மதராஸா?” என்று அந்த ஆள் இந்தியில் கேட்டார். இல்லை, சங்ககிரி என்றேன். அவர் மனைவி பக்கம் திரும்பி, “மதராஸ்தான்” என்றார். பூரி நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

குழுவின் செயலாளர் பாலு சார் ஸ்டேஷனுக்கு வருவதாக இருந்தது. அவர் மத்திய அரசில் அண்டர் செக்ரட்டரி. அவருக்குப் பதிலாக அவரது வாட்ஸாப் செய்திதான் வந்தது: “பார்லிமென்ட் செஷன் டைம் மேடம், ஆபீஸ் விட்டு நகர முடியலை. டாக்ஸி பிடித்து வந்துவிடுங்கள்.” டாக்ஸி என்னை மோதி பாக் அரசு ஊழியர் குடியிருப்பின் கேட் ஒன்றில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அந்தக் கேட் மூடியிருந்தது. காவலாளி கம்பளிக்குள்ளிருந்து கையை மட்டும் வெளியே நீட்டி, அடுத்த கேட் என்றார். அடுத்த கேட்டும் மூடியிருந்தது. அங்கிருந்தவர் முதல் கேட்டுக்கே போகச் சொன்னார். அங்கிருந்துதான் வருகிறேன் என்று தமிழிலேயே கத்தினேன். “மேடம்ஜி, அது உள்ளே இருப்பவர்கள் வெளியே போவதற்கான கேட்” என்று அவர் பொறுமையாக விளக்கினார். திறந்திருந்த ஒரே கேட்டை நான் கண்டுபிடித்தபோது சூட்கேஸின் சக்கரம் ஒன்று காணாமல் போயிருந்தது. எங்கள் ஊரில் சந்தைக்கு வரும் மாட்டுக்குக்கூட வழி கேட்டு இப்படி அலைய வேண்டியதில்லை.

பாலு சாரின் வீட்டில் சூடாகச் சாப்பாடு இருந்தது. சாம்பாரில் சீரகமும் இருந்தது. அதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. ஆபீஸிலிருந்து திரும்பிய பாலு சார் குரங்குக் குல்லாவைக் கழற்றாமலே எதிரில் உட்கார்ந்தார்.

“மேடம், கதை ஃபர்ஸ்ட் க்ளாஸ். ஸ்டேஜுக்காக ஒண்ணு ரெண்டு சோட்டா சேஞ்ச் பண்ணிருக்கோம்.”

“என்ன சேஞ்சுங்க?”

“நாளைக்கு நேர்லயே பாருங்களேன். அச்சா, இன்னும் கொஞ்சம் சாதம்?”

சாதத்தைக் காட்டிப் பேச்சை மாற்றுகிறவர்களிடம் நான் எச்சரிக்கையாக இருப்பேன். அன்று பசி, ஏமாந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் முள்ளங்கி பராத்தா. பரவாயில்லை. மாலையில் ஆபீஸ் முடிந்து எல்லோரும் வந்ததும் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒத்திகை. மேடையில் என் கப்பல் நின்றது. பிளைவுட்டும் தெர்மாகோலும் வெள்ளித்தாளும் சேர்த்துப் பிரமாதமாகச் செய்திருந்தார்கள். பழைய வாஷிங் மெஷின் கதவில் வட்டமாக ஒரு ஜன்னல்கூட வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு அனுப்பப் படம் எடுக்கலாம் என்று போனைத் தூக்கினேன். பக்கவாட்டில் பார்த்ததும் தூக்கிய வேகத்திலேயே இறக்கினேன்.

கப்பலின் வயிற்றில் சிவப்பு எழுத்தில், இந்தியில், ‘பாரத் சர்க்கார்’, அதாவது இந்திய அரசு, என்று பெரிதாக எழுதியிருந்தது. உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு சுழன்றது.

“இதென்னுங்க?”

“கப்பல் மேடம்” என்றார் பாலு சார்.

“அது தெரியுதுங்க. இது பிரைவேட் கப்பல். ஒரு பொம்பளையோட சொந்த வண்டி. கதையே அதானுங்களே?”

பாலு சார் உண்மையாகவே குழம்பினார். “சொந்த வண்டின்னா, அலாட்மென்ட் யார் குடுப்பாங்க? ஃப்யூயல் யார் சாங்ஷன் பண்ணுவாங்க? ஆடியன்ஸ் கேப்பாங்க மேடம். எல்லாரும் இங்க காலனி ஆளுங்க.”

கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவர் இருப்பது அரசாங்கம் ஒதுக்கிய வீடு. ஆபீஸ் போவது அரசாங்கம் ஒதுக்கிய வண்டி. உட்காரும் நாற்காலிக்குப் பின்னால்கூட ஒரு நம்பர் எழுதியிருக்குமாம். இவ்வளவு பெரிய கப்பலை ஒருவர் தன் பெயரில் வைத்திருக்க முடியும் என்பது அவருக்கும் அவருடைய குழுவுக்கும் கடைசிவரை தோன்றவே இல்லை.

‘சோட்டா சேஞ்ச்’ ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கேப்டன் இப்போது ‘மிஷன் டைரக்டர்’. கிளீனர் மயிலுவை ‘மல்டி டாஸ்கிங் ஸ்டாஃப்’ ஆக்கியிருந்தார்கள். கதையின் உச்சத்தில், எஞ்சின் செத்து நிற்கும் போட்டிக் கப்பல் ஒன்றைப் பார்க்கிறாள் பாவாயி. லோடு தாமதமாகும் என்று தெரிந்தும், “கேக்கறதுக்கு யாரு இருக்கா? வண்டி என்னுது. திருப்பு” என்கிறாள். அந்த வரியை அடித்துவிட்டு, “ஹெட்குவார்ட்டர்ஸ் அனுமதி வரும்வரை காத்திருப்போம்” என்று போட்டிருந்தார்கள். அந்த வரியை நான் எழுதிய நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எழுதிவிட்டு எழுந்துபோய் அம்மாவுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

மிஷன் டைரக்டராக நடிப்பவர் அருணகிரி சார். பாலு சாரின் மேலதிகாரி, நிஜத்திலும் டைரக்டர். உயரமானவர், மெல்லிய குரல், எல்லோருக்கும் வணக்கம் சொல்கிறவர். அவரிடம் கோபப்படுவதே சிரமம். பாவாயி ஒரு பெண்ணுங்களே என்று கேட்டேன். “ஆமாம்மா, ரொம்ப நல்ல பாத்திரம்” என்றார். ஒரு பெண் நடிக்கலாமே என்றேன். “பார்க்கலாம்” என்றார். அப்படியே திரும்பிப்போய் மிஷன் டைரக்டரின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சார் பார்க்கலாம்னு சொன்னா, இல்லைன்னு அர்த்தம்” என்று பாலு சார் காதில் சொன்னார். இந்தக் குழுவில் வேஷம் கொடுப்பது சீனியாரிட்டிப்படியாம். பதவியில் பெரியவருக்குப் பெரிய வேஷம். பாலு சார் அண்டர் செக்ரட்டரி என்பதால் ரங்கன். இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“முன்னாடி ஒரு டிராமால ஒரு செக்‌ஷன் ஆபீசர் ராஜாவா நடிச்சாரு. அவரோட பாஸ் மந்திரி. ஸ்டேஜ்ல ராஜா மந்திரிய நல்லாத் திட்டிட்டாரு, டயலாக் அப்படி. திங்கட்கிழமைன்னு ஒண்ணு இருக்கே மேடம்! ராஜாவ அடுத்த மாசமே வேற டிபார்ட்மென்டுக்குத் தூக்கி அடிச்சிட்டாங்க. அதுலேர்ந்து நாங்க இந்த ரிஸ்க்கே எடுக்கறதில்ல.”

சமையல்காரி மேரியாக நடிப்பவள் ஸ்டெல்லா. அரசு மருத்துவமனை ஒன்றில் நர்ஸ், நாங்குநேரிக்காரி, முனிர்காவில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். என் கதையை முதலில் படித்ததும், குழுவில் பேசிப் பேசி அதை மேடைவரை இழுத்துவந்ததும் அவள்தான். பாவாயியாக நடிக்க ஆசைப்பட்டுத்தான் இத்தனையும் செய்தாள். கடைசியில் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள். ஒத்திகை முழுக்க அருணகிரி சாருக்குப் பின்னால் நின்று அந்தக் கரண்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தாள்.

அன்று இரவு அம்மா போனில் கேட்டார். “நாடகத்துல லாரி ஏதாச்சும் வருதா?” வருகிறது என்றேன். யாருடைய லாரி என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாரத் சர்க்கார் என்று சொல்லியிருக்க வேண்டும். நாடகத்தை நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். நிறுத்தினால் அம்மா பார்ப்பதற்கு எதுவுமே இருக்காது. நடத்தினால் தன் பெயரில் எதுவும் இல்லாத இன்னொரு வண்டியைப் பார்ப்பார். தூக்கம் வரவில்லை, குளிர்தான் வந்தது.

சனிக்கிழமை ஸ்டெல்லாவுக்கு விடுமுறை. “எக்கா, இப்பிடி மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருந்தா என்ன ஆவப் போவுது? கெளம்புங்க, ஊரச் சுத்திக் காட்டுதேன்” என்று முனிர்காவுக்கு இழுத்துப்போனாள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துகள். மேலே பார்த்தால் வானம் இல்லை, ஒயர்தான். அந்தச் சந்துகளுக்குள் இத்தனை தமிழ்ப் பிள்ளைகள் எப்படி மூச்சு விடுகிறார்களோ தெரியவில்லை. மோமோ என்று ஒன்று வாங்கிக் கொடுத்தாள். கொழுக்கட்டைக்கு உப்புப் போட மறந்துவிட்டு, அதை மறைக்கச் சிவப்புச் சட்னி தடவியிருந்தார்கள்.

“இங்க எதப் பாக்கணும்னு ஆச உங்களுக்கு?” என்று ஸ்டெல்லா கேட்டாள். கோட்டை, கோபுரம், கல்லறை ஒன்றும் வேண்டாம், லாரி நிற்கும் இடத்துக்குக் கூட்டிப் போ என்றேன். அவள் சிரித்தாள், ஆனால் கூட்டிப்போனாள்.

மெட்ரோவில் அவள் பெண்கள் பெட்டியில் ஏறிவிட்டாள். நான் ஏறுவதற்குள் ஒரு பெண்மணியின் மூட்டையும் நானும் கதவுக்கு முன்னால் சிக்கிக்கொண்டோம். மூட்டை உள்ளே போனது, நான் வெளியே நின்றேன். மூட்டைக்குச் சொந்தக்காரியும் வெளியேதான். இரண்டு பேரும் அவரவர் மொழியில் ஒரே விஷயத்தைத் திட்டினோம். அந்த ஊரில் என்னை முழுதாகப் புரிந்துகொண்ட முதல் ஆள் அவள். அடுத்த ஸ்டேஷனில் ஸ்டெல்லா ஒரு கையால் அந்த மூட்டையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நகரத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கும் டிரான்ஸ்போர்ட் நகரில் கால் வைத்ததும் எனக்கு மூச்சு சீரானது. டீசல், கிரீஸ், சூடான ரப்பர். எங்கள் ஆபீஸ் வாசலின் அதே வாசனை. நம் ஊர் நம்பர் பிளேட்டைத் தேடிக்கொண்டே நடந்தேன். கிடைத்தது. லாரிக்குப் பக்கத்தில் ஸ்டவ் வைத்து, தார்ப்பாயை மறைப்பாகக் கட்டி, ஒரு டிரைவர் அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்துக்கொண்டிருந்தார்.

“சங்ககிரிங்களா?” என்று நான் கேட்டதும் நிமிர்ந்தார். இன்னார் மகள் என்றேன். “அட, பாவாயக்கா புள்ளைங்களா!” என்று கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தார். அவர் பெயர் ஈஸ்வரன். எங்கள் வண்டியை முன்பு ஓட்டியவராம். சாப்பிடாமல் போகக்கூடாது என்று தட்டை நீட்டினார். அரிசிம்பருப்பு சாதம், மேலே நல்லெண்ணெய். டெல்லிக்கு வந்து முதல் முறையாக யாரையும் குறை சொல்லாமல் சாப்பிட்டேன்.

“ஆர்சி புக்குல உங்க தம்பி பேருதானுங்க. ஆனா ரோட்டுல எவனும் அப்படிச் சொல்லமாட்டான். பாவாயக்கா வண்டின்னுதான் சொல்லுவான்” என்றார் ஈஸ்வரன். “அது அக்காவுக்குத் தெரியுமா என்னன்னு தெரீலீங்க.”

எனக்குக் கண் கலங்கியது. நல்லெண்ணெய்க்குக் கண் கலங்காது என்பதால் காரணம் சொல்ல முடியவில்லை.

பக்கத்தில் லாரிகளுக்கு ரேடியம் ஸ்டிக்கர் வெட்டும் கடை. கடைக்காரர் ஒரு சர்தார்ஜி. தமிழ் லாரிகள் வந்துபோவதால் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துகளும் வைத்திருந்தார். என்ன எழுத வேண்டும் என்றார். ஸ்டெல்லா மொழிபெயர்த்தாள். ‘உரிமையாளர்: பாவாயி, சங்ககிரி.’ மஞ்சள் ரேடியத்தில், பெரிதாக. என்ன வண்டிக்கு, எந்த மாடல் என்று அவர் கேட்டார். விண்கப்பல் என்றாள் ஸ்டெல்லா. அவர் கண் இமைக்கவில்லை. “அப்படியென்றால் நல்ல பசை வேண்டும். வேகத்தில் பிய்த்துக்கொண்டு போய்விடும்” என்றார். டெல்லியில் என் கப்பலை நம்பிய ஒரே ஆண்பிள்ளை அவர்.

மாலையில் ஸ்டிக்கரை விரித்து அருணகிரி சாரிடம் காட்டினேன். எழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டினார். கப்பலில் ஒட்டலாமா என்றேன்.

“பார்க்கலாம்” என்றார்.

ஸ்டிக்கரைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டேன். அதோடு சேர்த்து அவரையும் சுருட்டி வைத்தால் என்ன என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. ஜனக்புரியிலிருந்து ஒரு பஸ் நிறையத் தமிழர்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் ஸ்வெட்டர், சால்வை, கையில் வேர்க்கடலை. நான் முதல் வரிசையில் உட்கார்ந்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். லாரி ஆபீஸிலிருந்து எடுத்தார். தோளில் துண்டு, பின்னால் ‘பெரியசாமி அண்ட் சன்ஸ்’ பலகை. பெரியசாமி என் அப்பா.

“சோறுண்டியா?” என்றார். உண்டேன் என்றேன். போனை மேடையின் பக்கம் திருப்பினேன்.

திரை விலகியது. சிவப்பு விளக்கு சுழன்றது. அருணகிரி சார் வெள்ளை உடையும் தங்கப் பட்டை போட்ட தொப்பியுமாகக் கப்பலின் நடு நாற்காலியில் இருந்தார். ரங்கனாக வந்த பாலு சார் எஞ்சினைத் தட்டிவிட்டு, “டைரக்டர் சார், எஞ்சின் நல்லா இருக்கு சார்” என்றார். மண்டபம் கைதட்டியது. அவர்களுக்கு அது தெரிந்த உலகம். ஸ்டெல்லா டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

“யாரு அந்தத் தொப்பி வெச்ச ஆளு?” என்றது போன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அப்பறம் சொல்றம்மா.”

சொல்ல என்ன இருக்கிறது? போனை நேராகப் பிடித்த கை வலித்தது. போனை அணைத்துவிட்டு, நெட்வொர்க் இல்லை என்று சொல்லிவிடலாம் என்ற எண்ணம் வந்தது. கட்டை விரல்கூட அந்தப் பக்கம் நகர்ந்தது.

அப்போது மேடையில் ஒரு போன் அடித்தது. அருணகிரி சாரின் விண்வெளி உடைக்குள்ளிருந்து. செஷன் நடக்கும்போது அதிகாரிகள் போனை அணைக்கக் கூடாதாம். எடுத்தார். நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, “எஸ் சார்” என்றார். இன்னும் இரண்டு “எஸ் சார்.” அதற்குள் பாலு சாரின் போனும் அடித்தது. மறுநாள் பார்லிமென்டில் வரும் ஒரு கேள்விக்கு அவர்கள் எழுதிய பதிலை மாற்ற வேண்டுமாம், இருவரும் உடனே ஆபீஸுக்கு வர வேண்டுமாம். பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. மண்டபத்துக்குத் தெரியவே இல்லை. செவ்வாயிலிருந்துதான் போன் வந்திருக்கிறது என்று நினைத்தார்கள்.

வேறு ஒருவராக இருந்தால் அப்படியே இறங்கி ஓடியிருப்பார். அருணகிரி சார் ஓடவில்லை. தன் சர்வீஸில் ஒரு நாற்காலியையும் அடுத்தவரிடம் ஒப்படைக்காமல் அவர் விட்டுப்போனதில்லையாம். மேடையில் மீதி இருந்தவர்களைப் பார்த்தார். கிளீனராக வந்திருந்த பாலு சாரின் மகள் நிகிதா, காலேஜ் படிக்கிறவள். அப்புறம் ஸ்டெல்லா. சீனியாரிட்டி பார்க்க வேறு ஆளே இல்லை.

தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் நீட்டினார். “சிஸ்டர், நான் அவசரமா போகணும். இந்த நிமிஷத்துலேர்ந்து கப்பலோட முழுப் பொறுப்பும் உங்க கிட்ட.” ஸ்டெல்லா வாங்கிக்கொண்டாள். அவர் கப்பலுக்கு ஒரு வணக்கம் வைத்தார், மேடையிலிருந்து இறங்கினார். பாலு சார் கையில் ஸ்பேனரோடு பின்னால் ஓடினார். வெள்ளை உடையில் இருவரும் நடுவழியே வாசலைத் தாண்டிப் போனபோது மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

ஸ்டெல்லா தொப்பியைப் போடவில்லை. ஓரமாக வைத்துவிட்டு, மேடை விளிம்புக்கு வந்து என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். “எக்கா, அதத் தாங்க.” பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ‘பாரத் சர்க்கார்’ மேலே அந்த மஞ்சள் ரேடியத்தை ஒட்டினாள். கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. சர்தார்ஜியின் பசை, ஒட்டிய பிறகு நகர்த்த முடியாது. பிறகு சமையல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நிகிதா டெல்லியிலேயே பிறந்தவள், தமிழ் கொஞ்சம்தான் வரும். ஆனால் ஸ்டெல்லாவோடு உட்கார்ந்து என் கதையைக் கேட்டிருக்கிறாள். ஒரு நிமிடம் திணறிவிட்டு, “ஓனரம்மா, அங்க ஒரு கப்பல் கராப் ஆகி நிக்குது. நம்ம லோடு லேட் ஆகும். பர்மிஷன் கேக்கணுமா?” என்றாள்.

“கேக்கதுக்கு யாரு இருக்கா? வண்டி எனக்குள்ளது. திருப்பு.”

என் அம்மாவின் வரி, நாங்குநேரித் தமிழில். ஜனக்புரி பஸ்காரர்கள் விசில் அடித்தார்கள். மீதி நாடகத்தை அந்த இரண்டு பெண்களும் ஓட்டினார்கள். எஞ்சினையும் ஸ்டெல்லாவே பார்த்துக்கொண்டாள். நடுவில் இரண்டு இடத்தில் கதை எனக்கே தெரியாத திசையில் போனது. நானும் கைதட்டினேன்.

திரை விழுந்ததும் போனை என் பக்கம் திருப்பினேன். அம்மா திரைக்கு ரொம்பப் பக்கத்தில் முகத்தை வைத்திருந்தார்.

“தெரிஞ்சுதாம்மா?”

“தெரிஞ்சுது. அந்தத் தொப்பிக்காரன் டிரைவரா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். “ஓனரு வந்ததும் ஒப்படச்சுட்டு, வண்டியக் கும்புட்டுட்டு எறங்கிப் போயிட்டான் பாரு. மருவாதி தெரிஞ்சவன். அந்த மாதிரி டிரைவரு இப்பெல்லாம் எங்க கெடைக்கறான்?”

“ஆமாம்மா” என்றேன். அருணகிரி சார் மீது எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது.

“அந்தப் புள்ள ஒட்டுச்சே, மஞ்ச எழுத்து. லைட்டு அடிச்சதுல எனக்குப் படிக்க முடீல. என்ன போட்டிருக்குது?”

“உன்ற பேரும்மா. வண்டி உன்ற பேருல இருக்குது.”

அம்மா தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். குளிர் இல்லாத ஊரில், ஃபேன் ஓடும் ஆபீஸில், நிதானமாகத் துடைத்தார். பின்னால் இருந்த பலகையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் லைன் போய்விட்டதோ என்று பயந்தேன்.

“டேக்ஸ் கட்டியாச்சா?” என்றார்.

“கட்டியாச்சும்மா.”

“சரி. அந்தப் புள்ளையப் பாத்து ஓட்டச் சொல்லு.”